நீரும் மீனும் ஒரே நிர்வாகத்தில்: கிழக்குக் கொல்கத்தா தரும் பாடம்

(கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நீரின் தூய்மையை ஒரு துறையும் மீன்வளத்தை மற்றொரு துறையும் கவனிப்பது இந்திய நிர்வாகத்தில் நெடுங்கால வழக்கம். அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் நீர் 17ஆவது இனம். மீன்வளம் 21ஆவது இனம். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம், மீனைப் பிடிக்கும் அல்லது அழிக்கும் நோக்குடன் நீரில் நஞ்சு கலப்பவரைத் தண்டிக்கிறது. ஆலைக் கழிவால் மீன்கள் செத்து மிதந்தாலோ, முதலாளிக்கு அந்த ‘நோக்கம்’ இல்லை. அவரை விசாரிப்பது 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. மீனவரின் இழப்போ இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது.

இப்பிரிவினை செயற்கையானது என்பதற்குக் கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலமே சான்று. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புடைய இந்நிலம் 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மாநகரத்தின் கழிவுநீர் கால்வாய்கள் வழியே ‘பேரி’ எனப்படும் ஆழம் குறைந்த குளங்களை அடைகிறது. அங்கே பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. வெயிலில் நுண்பாசி வளர்ந்து ஆக்சிஜனைத் தருகிறது. அப்பாசியும் பிற நுண்ணுயிர்களும் கட்லா, ரோகு, மிர்கால், திலேப்பியா மீன்களுக்கு இரையாகின்றன. வெளியேறும் நீர் நெல்வயலுக்குப் பாய்கிறது. 1980களில் இதன் செயல்முறையை உலகறியச் செய்தவர் மாநில அரசின் பொறியாளர் துருவஜோதி கோஷ். நடைமுறையில் இதைக் காலங்காலமாக வளர்த்தவர்கள் மீன்பண்ணைத் தொழிலாளர்கள்.

எவ்வளவு கழிவுநீரை எப்போது உள்ளே விடுவது என்பதே அவர்களின் முதன்மைத் திறன். அளவு மிகுந்தால் இரவில் ஆக்சிஜன் குறையும். விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து தவிக்கும். அளவு குறைந்தால் இரை இராது. நீரின் நிறத்தையும் மணத்தையும் கண்டே மதகைத் திறப்பவர் அதே கணத்தில் நீரையும் மீனையும் நிர்வகிக்கிறார்.

ஆனால், கால்வாயில் எந்த நீர் எவ்வளவு வரும் என்பது அவர் கையில் இல்லை. வீட்டுக் கழிவு மீனுக்கு உரம். தோல் பதனிடும் தொழிலின் குரோமியம் நஞ்சு. 1996இல் உச்ச நீதிமன்றம் மாநகரத் தோல் ஆலைகளை இடம் மாற்ற உத்தரவிட்டது; அவை சென்றமர்ந்த பான்தலா தோல் வளாகம் இச்சதுப்புநிலப் பகுதியிலேயே உள்ளது. பாசியும் பாக்டீரியாவும் குரோமியத்தை உணவாக்க இயலாது. கால்வாய் தூர்ந்து நீர் குறைந்தாலும், வரும் நீர் நஞ்சானாலும் விளைச்சல் சரியும். பேரிகளில் பெரும்பான்மை தனியாருக்குரியவை. இலாபம் குன்றினால் உடைமையாளருக்கு வீட்டுமனை வணிகம் உண்டு. கூலித் தொழிலாளிக்கு மாற்று ஏதுமில்லை. நிலப் பயன்பாட்டை மாற்றுவதற்கு 1992இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2006இல் தனிச் சட்டமும் வந்தது. எனினும் ஆக்கிரமிப்பு ஓயவில்லை. மீன் வளர்ப்பு நலிந்த குளத்தைச் சட்டம் மட்டும் காத்துவிட முடியாது.

எனவே கோரிக்கைகள் மூன்று. ஆலைக் கழிவைத் தோன்றுமிடத்திலேயே பிரித்துச் சுத்திகரிக்க வேண்டும். அதன் செலவை முதலாளியே ஏற்க வேண்டும். கால்வாய் நீரைப் பங்கிடும் அமைப்பில் மீன்பண்ணைத் தொழிலாளருக்கும் கூட்டுறவுகளுக்கும் வாக்குரிமை வேண்டும். நீர்ப் பரிசோதனை முடிவுகள் அவர்கள் மொழியில், அவர்கள் கைக்கு வர வேண்டும்.

ஆறு, ஏரி, நீர்த்தேக்கம் எதுவாயினும், நீரைக் காக்கும் இயக்கத்தையும் மீனவர் சங்கத்தையும் ஒரே மேடையில் இணைப்பது கட்சி உறுப்பினர்களின் கடமை.