அறுந்தாலும் தொடரலாம்



கோப்புகளை இறக்கித் தரும் மென்பொருள் எழுதுவது என் வேலை. 700 எம்.பி. கோப்பில் 600 வந்தபின் இணைப்பு அறுந்தால்? மறுபடி முதலிலிருந்தா? காசு கொடுத்து டேட்டா வாங்கும் மாணவனுக்கு அது கைநஷ்டம் அல்லவா!

இதற்கு வழி 1997-இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறையிலேயே இருக்கிறது. 'ரேஞ்ச்' என்ற ஹெடரில், "இந்த பைட்டிலிருந்து கொடு" என்று சர்வரைக் கேட்கலாம். பதில் 206 என்றால் மிச்சம் மட்டும் வருகிறது, பழையதோடு ஒட்டலாம். 200 என்றால் முழுசும் வருகிறது; பழையதை அழித்துவிட்டு எழுத வேண்டும்.

இடையில் சர்வரில் கோப்பே மாறியிருந்தால்? பாதி பழசு, பாதி புதுசு. ஒட்டினால் ஒன்றுக்கும் உதவாது. அதனால்தான் முதலில் வந்த 'ஈடேக்' அடையாளத்தை 'இஃப்-ரேஞ்ச்' ஹெடரில் திருப்பி அனுப்புகிறோம். கோப்பு மாறாவிட்டால் மிச்சம் வரும்; மாறியிருந்தால் முழுசும் வரும்.

தம்பி தங்கைகளே, நீங்கள் எழுதும் புரோகிராமைச் சோதிக்கும்போது பாதியில் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். நல்ல லைனில் எதுவும் ஓடும். அறுந்த லைனில் ஓடுவதுதான் இஞ்சினியரிங்.