திரும்ப மாட்ட முடியாததைக் கழற்றாதீர்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை ஏன் பேசச் சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியும். கீழே பார்க்கிங்கின் கோடியில் துணி போர்த்திக்கொண்டு ஒரு கார் நிற்கிறது. "அது ஓடுமா, ஓடாதா? எப்போது எடுப்பீர்கள்?" என்று போன பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியில் பதில் சொல்கிறேன். அதற்கு முன், பழைய காரைச் சீர்செய்வது என்ற இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஊர் வீட்டுக் கொட்டகையில் அப்பாவின் கார் நிற்கிறது, அதை என்ன செய்யலாம் என்று உங்களில் மூன்று பேர் மாடிப்படியில் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். இது முக்கியமாக உங்களுக்கு.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெரியப்பாவிடம் ஒரு அம்பாசிடர் மார்க் 2 இருந்தது. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். எண்பதுகளின் கடைசியில் அது என் கைக்கு வந்தது. பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை. அந்த நாளில் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். பழைய டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டச் சொன்னேன். கழற்றிய பெட்ரோல் எஞ்சினை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன். கிடைத்த பணம் ஒரு மாத டீசலுக்குக் கூடக் காணாது. கனமான எஞ்சினால் முன்பக்கம் இறங்கியது, ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது, வண்டி முழுக்க அதிர்ந்தது. பிறகு அதை உறவுக்குள்ளேயே கொடுத்துவிட்டேன்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்கென்று தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. அப்போது அந்த வண்டியை வைத்திருக்கும் பிள்ளை எனக்குப் போன் செய்தான். "சித்தப்பா, தாத்தா காரை வின்டேஜ் என்று பதிவு செய்ய முடியுமா?" முடியாது. "பழைய எஞ்சின் எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். எடைக்குப் போட்டது நான்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. முப்பது வருடத்துக்கு முன் செலவு மிச்சம் என்று செய்த வேலை, அந்தக் காரின் வரலாற்றையே முடித்துவிட்டது.

அந்த விதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் பதிவு நடந்து 50 ஆண்டுக்கு மேல் ஆன இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் இதில் வரும். ஆனால் வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. ஏற்கெனவே பதிவு உள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று விதியில் வைத்தார்கள். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். இப்படிப் பதிவான வண்டியைத் தினமும் மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடுவது, இவற்றுக்காக எடுக்கலாம். வாடகைக்கு விடக் கூடாது.

ஆகவே உங்கள் அப்பாவின் காரில் கை வைப்பதற்கு முன், ஸ்பேனரை எடுக்காதீர்கள், ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். அதில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். புத்தகம் இன்னும் அப்பா பெயரில் இருந்தால் முதலில் வாரிசு முறைப்படி பெயர் மாற்றுங்கள். வங்கியில் 35 வருடம் இருந்தவன் சொல்கிறேன்: காகிதம் சரியில்லாத சொத்தில் போடும் பணம் திரும்பி வராது.

இனி, கீழே நிற்கும் காரைப் பற்றி. அது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். ஏதோ சீமைக் கார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வடிவம் சீமைதான். இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்ட். வரைந்தவர் மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். ஆனால் இந்த வண்டி பிறந்தது வண்டலூர் பக்கத்தில், பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில். 1961 முதல் அங்கே ஹெரால்ட் செய்தார்கள். இங்கிலாந்தில் இரண்டு கதவு வைத்துச் செய்த காருக்கு, நம் குடும்பங்களுக்கு ஏற்றபடி நாலு கதவு வைத்தவர்கள் நம் சென்னைக்காரர்கள். நாலு கதவு ஹெரால்ட் வேறு எந்த நாட்டிலும் செய்யப்படவில்லை. பிறகு கேஸல், 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று வந்தன. எண்பதுகளின் முடிவில் உற்பத்தி நின்றது. தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன. தமிழ்நாட்டில் கார் செய்த கதையின் தொடக்கக் காலத்துக்கு மிச்சம் இருக்கும் சாட்சி, இந்த மாதிரி வண்டிகள்தான்.

2018 நவம்பர் 16, கஜா புயல் இரவை முத்துப்பேட்டையில் யாரும் மறக்க மாட்டோம். அன்று ஒரு தோப்பு வீட்டுக் கொட்டகையின் தகரக் கூரை பறந்தது. உள்ளே நின்றது இந்த ஹெரால்ட். தென்னை அத்தனையும் சாய்ந்து கிடக்கிற வீட்டில் காரை யார் பார்ப்பார்கள்? மாதக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் நின்றது. இரும்புக் கடைக்காரர் விலை பேசிக்கொண்டிருந்தபோது நான் போய் வாங்கினேன். அந்த அம்பாசிடர் எஞ்சின் மனதில் இருந்ததால்தான் வாங்கினேன்.

நம் ஊரில் காருக்கு முதல் எதிரி வயதல்ல, உப்புக்காற்று. உப்பு, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துத் தகரத்தின் மேல் வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் ஈரத்தைவிட உப்பு ஈரத்தில் துரு வேகமாக ஓடும். துரு மேலே தெரியாது. கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டை தூசியில் அடைத்திருக்கும்; அங்கே தொடங்கும். கால் வைக்கும் தரையில், மேட்டுக்கு அடியில் இருக்கும். ஹெரால்டில் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில் இருக்கும். ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது என்று அர்த்தம். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். துருவின் மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் இரண்டு மழைக்காலத்தில் வெளியே வந்துவிடும்.

இந்த விஷயத்தில் ஹெரால்ட் ஒரு நல்ல மாணவன். அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் பாடியே வண்டியின் எலும்பு. அடித்தளம் போனால் வேலை பெரிது. ஹெரால்டில் சேசிஸ் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றிப் பகுதி பகுதியாக இறக்கலாம். முன்பக்கம் மொத்தமும் முன்னால் கவிழ்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம்.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பகுதியையும் போட்டோ எடுங்கள். கழற்றிய திருகுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டு, எந்த இடத்துத் திருகு, என்று கழற்றியது என்று சீட்டு எழுதிப் போடுங்கள். எட்டு மாதம் கழித்து உங்கள் நினைவை நம்பாதீர்கள்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் துரு. அடுத்து பிரேக்: பிரேக் குழாய், ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாம் புதிது. அடுத்து ஒயரிங். ஐம்பது வருட ஒயரின் மேலுறை பொடிப்பொடியாக உதிரும். பழைய கார்கள் தீப்பிடிக்க அதுவும் ஒரு காரணம். பிறகு டயர். டயரில் கட்டை நிறைய இருந்தாலும் பக்கத்தில் வெடிப்பு இருந்தால் தூக்கிப் போடுங்கள். பிறகுதான் எஞ்சின். பெயின்டும் குரோமியமும் கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, பளபளப்பான, நிற்காத வண்டியை வைத்துக்கொண்டு அவதிப்படுகிறார்கள்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. 2000 பிப்ரவரியோடு நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. பழைய எஞ்சினில் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் காப்பு. எனவே சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும்போதே கெட்டியான வால்வு சீட் போட்டுவிடுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பரைத் தின்னும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் மாற்றுங்கள்; ஓடாத காரில் டேங்க் நிறையப் பெட்ரோலை மாதக்கணக்கில் விடாதீர்கள்.

"கொஞ்சம் மாடர்னாக மாற்றினால் என்ன?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். மாற்றுங்கள், ஆனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: திரும்ப மாட்ட முடியாததைக் கழற்றாதீர்கள். பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம். பழைய பாயின்ட்டையும் கண்டென்சரையும் டப்பாவில் வையுங்கள். அளவு பொருந்தும் ரேடியல் டயர் போடலாம். ஆனால் கூரையை வெட்டாதீர்கள், எஞ்சினை மாற்றாதீர்கள், டாஷ்போர்டில் ஓட்டை போடாதீர்கள். சட்டமும் இதே பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. லெட்ஜரில் தவறு வந்தால் ரேசரால் சுரண்டக் கூடாது. கோடு போட்டுப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடியில் இருந்த எண் தெரிய வேண்டும். காருக்கும் அதுவேதான்.

சரியாகச் சீர்செய்த வண்டி எப்படி இருக்கும் என்று பார்க்க, கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்ப அறக்கட்டளை 2015-ல் திறந்த ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். சென்னை ஏவிஎம் ஸ்டூடியோவிலும் 2023-ல் ஒன்று திறந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெரால்டின் கதவடியை மரச்சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்துக் கொடுத்த டிங்கரிங் மேஸ்திரிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அந்த வேலையைக் கற்றுக்கொள்ள அவரிடம் ஆள் இல்லை. இப்போதெல்லாம் முழுக் கதவையே மாற்றிவிடுகிறார்கள். உங்கள் வண்டியைச் செய்ய வேண்டுமென்றால் அவர் கை ஓடுகிற காலத்திலேயே செய்யுங்கள். அப்புறம் பணம் இருக்கும், ஆள் இருக்காது.

இப்போது நம் குடியிருப்பு விஷயம். சேர்ந்து வாழும் இடத்தில் இந்தப் பொழுதுபோக்குக்கு வரம்பு உண்டு. பார்க்கிங்கில் வெல்டிங்கும் பெயின்ட் ஸ்பிரேயும் கூடாது. அதற்குப் பட்டறை இருக்கிறது. கேனில் பெட்ரோல் வைக்கக் கூடாது. நிற்கும் வண்டியின் பேட்டரி இணைப்பைக் கழற்றி வைக்க வேண்டும். கீழே எண்ணெய் சொட்டினால் தட்டு வைக்க வேண்டும். பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போர்த்தினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். அதனால்தான் பருத்தித் துணி. வாரம் ஒரு முறை இரண்டு நிமிடம் உறுமவிட்டு அணைப்பதில் பயனில்லை. எஞ்சினுக்குள் ஈரம்தான் சேரும், உங்கள் மதியத் தூக்கமும் கெடும்.

கேட்ட கேள்விக்குப் பதில். பிரேக், ஒயரிங், தரை முடிந்துவிட்டது. எஞ்சின் ஓடுகிறது. அது அந்தக் காரோடு பிறந்த எஞ்சின், எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறது. உட்புறத் தையலும் பெயின்டும் பாக்கி. அடுத்த மாதம் பட்டறைக்குப் போகிறது. சித்திரைப் பிறப்புக்குள் முடியாவிட்டால் அந்த இடத்தைக் காலி செய்து, ஊரில் வேறு கொட்டகை பார்த்துக்கொள்கிறேன். இதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம்.

முடிந்தால், சித்திரை முதல் நாள் காலை அலையாத்திக் காட்டுப் படகுத்துறை வரை ஒரு முறை ஓட்டிக் காட்டுகிறேன். நாலு கதவு வண்டி, குழந்தைகள் ஏறலாம். திரும்பி வந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அதற்கு ஆள் தேவை. ஆசை உள்ளவர்கள் பெயர் கொடுங்கள்.