ஆமணக்கின் தாகம்



இங்கிலாந்தில் அலெக்ஸ் மெட்காஃப் என்னும் கலைஞர் மரத்தின் பட்டையில் நுண்ணிய ஒலிவாங்கியைப் பொருத்தி, கிளைகளிலிருந்து ஹெட்ஃபோன்களைத் தொங்கவிடுகிறார். வருகிறவர்கள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்கிறார்கள். மேலே ஏறும் நீரில் காற்றுக் குமிழிகள் உண்டாகும் மெல்லிய 'டக், டக்' ஓசை கேட்கிறது. அதற்கு அடியில், மரம் அசைவதால் எழும் ஆழ்ந்த உறுமல். வேறு ஒன்றும் இல்லை. ஆனாலும் மக்கள் நின்று கேட்கிறார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. இலையில் மின்முனைகளை ஒட்டி, அதில் ஏற்படும் மின் மாற்றங்களைக் கருவி வழியாக இசைச் சுரங்களாக மாற்றுவது. இத்தாலியில் டாமன்ஹூர் குழுவினர் பல ஆண்டுகளாக இதைச் செய்கின்றனர். கேட்க இனிமைதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் எந்த வாத்தியம், எந்தச் சுரவரிசை என்று முடிவு செய்தது செடி அல்ல, மனிதன். நமக்குப் பிடித்த பாட்டைச் செடியின் வாயில் வைத்துவிட்டு, செடி பாடுகிறது என்கிறோம்.

செடியின் உண்மையான ஓசை எது? 1966இல் மில்பர்ன், ஜான்சன் என்ற இரு தாவரவியலாளர்கள், வாடும் ஆமணக்கு இலையில் எழும் சிறு வெடிப்பொலிகளைப் பதிவு செய்தார்கள். செடிக்குள் நீர் இழுத்துக் கட்டிய நூல் போல நிற்கிறது. தண்ணீர் குறையும்போது அந்த நூல் அறுந்து குமிழி உண்டாகிறது. அந்த அறுபடும் ஓசைதான் அது. 2023இல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தக்காளி, புகையிலைச் செடிகளை வைத்து அறிந்தது இது: தண்ணீர் ஊற்றிய செடி மணிக்கு ஒரு முறைகூட ஒலிப்பதில்லை, தாகமுற்ற செடி 30 முதல் 50 முறை ஒலிக்கிறது. நம் செவிக்கு எட்டாத உயர்ந்த ஒலி. தாகம் கூடக்கூட நாலைந்து நாள் ஓசை பெருகுகிறது. பிறகு செடி காய்ந்துபோக, ஓசையும் குறைந்து அடங்கிவிடுகிறது.

ஆமணக்கு என்றதும் யோனாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. (அது என்ன செடி என்பதில் பழங்காலத்திலேயே சண்டை. புனித எரோணிமுஸ் அதை வேறொரு கொடியாக மொழிபெயர்த்ததால் ஆப்பிரிக்காவில் ஓர் ஆலயத்தில் பெருங்கலகமே உண்டானதாகப் புனித அகுஸ்தினார் எழுதியிருக்கிறார்.) செடி நிழல் தந்தபோது யோனாவுக்கு மகிழ்ச்சி. புழு அரித்து அது வாடியபோது கோபம். அந்தக் கோபம் செடிக்காகவா, போன நிழலுக்காகவா? ஆண்டவரோ இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களையும், கால்நடைகளையும் அவருக்குக் காட்டுகிறார். நகருக்கு வெளியே உட்கார்ந்திருந்த யோனாவின் காதில் அந்த நகரம் விழவே இல்லை.

சென்ற மாதம் முதல் வெள்ளியன்று நாங்கள், உபதேசியாரும் உடன்வர, படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டிக்கு நற்கருணை கொண்டுபோனோம். குடும்பத்தார் சுற்றி நின்றார்கள். செபமாலை சொன்னோம், இரண்டு பாட்டு பாடினோம், ஆறுதலாக ஒரு சிறு பிரசங்கமும் செய்தோம். எல்லாம் நன்றாக இருந்ததாக எங்களுக்கு நினைப்பு. பாட்டி ஒன்றும் பேசவில்லை. அமைதியாகச் செபிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டோம். கதவோரம் நின்ற பேத்திக்கு எட்டு வயதுதான் இருக்கும். "சாமி, ஆயா உதட்ட உதட்ட நக்குறாங்க" என்றாள்.

தண்ணீர் நற்கருணை நோன்பை முறிப்பதில்லை என்பது திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. படித்தவர்கள்தானே நாங்கள். அந்தப் பிள்ளையே ஓடிப்போய் டம்ளரில் கொண்டுவந்தாள். பாட்டி இரண்டு டம்ளர் குடித்தார்கள். அதன் பிறகுதான் வாய் திறந்து, எங்களை உட்காரச் சொன்னார்கள்.