மாதம் இரண்டு என்று நான் எழுதிய கணக்கு
(குறுவள மையக் கூட்டத்தில் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

கற்றல் விளைவுகள் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் ஒரு வகுத்தல் கணக்கில் தோற்ற கதையைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவிக்கு முதல் வகை நீரிழிவு. பெயர் வேண்டாம். தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். மேற்கையில் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய சென்சார் ஒட்டியிருக்கும். தோலுக்கடியில் உள்ள திரவத்திலிருந்து சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும். ஒன்றின் ஆயுள் 14 நாள்.

விலை பல ஆயிரம். அவள் அம்மா கூலி வேலை செய்கிறவர். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் உதவ முன்வந்தார். "எத்தனை வேணும்னு நீங்களே எழுதிக் குடுங்க சார்" என்றார் அந்த அம்மா. யோசிக்காமல் எழுதினேன்: மாதம் இரண்டு, வருடத்துக்கு 24. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி இரண்டு வந்துவிடும்.

24ஐ 14ஆல் பெருக்குங்கள். 336. மீதி 29 நாள் அவள் கையில் எதுவும் இல்லை. பிப்ரவரி தவிர எல்லா மாதக் கடைசியிலும் இரண்டு மூன்று நாள் இடைவெளி. பின்னம் நடத்துகிற எனக்கு இது தோன்றவில்லை!

ஆகஸ்ட் 30. காலை வழிபாட்டில் வியர்த்து, கை நடுங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாளே சென்சார் முடிந்திருந்தது. பையில் குளுக்கோமீட்டர் இருந்தது, ஸ்ட்ரிப் இல்லை. சென்சார் வந்த பிறகு ஸ்ட்ரிப் வாங்குவதை நிறுத்தியிருந்தார்கள். அளக்க வழியில்லாவிட்டால் தாழ்சர்க்கரை என்றே கொள்ள வேண்டும் என்று அவள் மருத்துவர் சொல்லியிருந்தார். சத்துணவு அம்மா மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தாள். அந்தக் கால் மணி நேரம் எனக்கு நீளமாக இருந்தது.

அன்று மாலை கணக்கைத் திருத்தினேன். 26 வாங்கினாலும் ஒரு நாள் மிஞ்சுகிறது, எனவே 27. இடையில் விழுவதற்கு மூன்று சேர்த்து 30. அதிகம் என்று நினைக்காதீர்கள். செப்டம்பரிலேயே கபடி விளையாட்டில் ஒன்று நான்காம் நாள் கழன்றது. அப்படிக் கழன்றதை எறியாமல், பெட்டியிலுள்ள வரிசை எண்ணோடு நிறுவனத்திடம் கேட்டால் மாற்று கிடைப்பதும் உண்டு.

முப்பதையும் மொத்தமாக வாங்க முடியாது. காலாவதித் தேதி இருக்கிறது. வெப்பமும் ஆகாது, நாங்கள் வாங்கும் பெட்டியில் 4 முதல் 25 டிகிரி என்று அச்சிட்டிருக்கிறது. அவர்கள் வீடோ தகரக் கூரை. மருந்துக்கடைக்காரர் தம் குளிர்பெட்டியில் வைத்து ஒவ்வொன்றாகத் தருகிறார். கையிருப்பு இரண்டாகும்போதே அடுத்ததைச் சொல்லிவிடுகிறோம். மாதக் கணக்கே இப்போது கிடையாது. மாற்றும் நாளை அவளே நாட்காட்டியில் 14, 14 ஆக எண்ணி வட்டமிடுகிறாள்.

ஸ்ட்ரிப்பை மட்டும் விடவே கூடாது. புது சென்சார் ஒட்டிய முதல் ஒரு மணி நேரம் அளவு காட்டாது. சர்க்கரை வேகமாக இறங்கும்போது சில நிமிடம் பின்தங்கியே காட்டும். திரை 90 என்று சொல்ல, பிள்ளை நடுங்கினால், விரலில்தான் பார்க்க வேண்டும். ஆசிரியர் அறை அலமாரியில் இப்போது ஒரு டப்பா ஸ்ட்ரிப், லான்செட், குளுக்கோஸ் பொட்டலம், பிஸ்கட் இருக்கின்றன. பிஸ்கட் அடிக்கடி குறைகிறது. காரணம் அவளல்ல, நாங்கள்.

தேர்வு பற்றி ஒன்று. முதல் வகை நீரிழிவுள்ள மாணவர்கள் தேர்வறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுவர சிபிஎஸ்இ 2017இல் அனுமதி தந்தது. நம் பள்ளித் தேர்வுகளில் அந்தப் பிள்ளையின் பையை வெளியே வைக்கச் சொல்லும் முன் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தேர்வு நாள் காலையில் சென்சார் மாற்றும் நாள் விழுந்தால், முந்தின நாளே மாற்றச் சொல்லுங்கள். ஒரு நாள் வீணாகும். அதற்கும் சேர்த்துத்தான் அந்த மூன்று.

உங்கள் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நாட்காட்டித் தாள் பத்து நகல் கொண்டுவந்திருக்கிறேன்.