தூண்டிலுக்கு ஒரு தாங்கி



கயாக் என்று ஒரு சின்னப் படகு இருக்கிறது. நீளமானது. ஒடுக்கமானது. பெரும்பாலும் ஒருவர் மட்டுமே போவதற்கானது. துடுப்பின் இரண்டு முனையிலும் அலகு இருக்கும். இடது, வலது என்று மாற்றி மாற்றித் துடுப்பு போட வேண்டும்.

வடதுருவத்தை ஒட்டிய பனி நாட்டில் இனூயிட் மக்கள் வாழ்கிறார்கள். கயாக்கைக் கொண்டு கடலில் வேட்டையாடியவர்கள் அவர்கள். சட்டத்தின் மேல் சீல் தோலைப் போர்த்திப் படகு செய்தார்கள். படகின் மேல் வார் கட்டி, அதில் ஈட்டியைச் செருகி வைத்தார்கள். ஏன்? துடுப்பு போட இரண்டு கையும் வேண்டுமே!

இப்போது கயாக் பிளாஸ்டிக்கில் வருகிறது. கேரளத்திலும் கோவாவிலும் இதைப் பார்க்கலாம். இதில் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கும் அதே கஷ்டம்தான். தூண்டில் கோலை எங்கே வைப்பது? மடியில் வைத்தால் துடுப்பு தட்டும். காலடியில் போட்டால் நைலான் நரம்பு காலில் சுற்றும். படகு கவிழ்ந்தால் கோல் போய்விடும். கால் சிக்கினால் உயிரே போகலாம்.

இதற்கு ஒரு தாங்கியை வீட்டிலேயே செய்யலாம்.

என்னென்ன வேண்டும்?

பக்கங்களில் துளை உள்ள பிளாஸ்டிக் பெட்டி 1. பால் பாக்கெட் அடுக்கும் பெட்டி போல இருக்கட்டும். 1½ அங்குல பி.வி.சி. குழாய் 3 அடி. நைலான் கயிறு. ரம்பம். உப்புத்தாள்.

எப்படிச் செய்வது?

முதலில் கோலின் கைப்பிடியைக் குழாயில் விட்டுப் பாருங்கள். தாராளமாக நுழைய வேண்டும். இல்லையென்றால் பெரிய குழாய் வாங்குங்கள்.

குழாயை 1 அடி நீளத்தில் 3 துண்டாக அறுங்கள். ஒவ்வொரு துண்டின் மேல் முனையிலும் அரை அங்குல அகலம், 2 அங்குல ஆழத்துக்கு ஒரு வெட்டு வெட்டுங்கள். ரீலின் கால் அதில் உட்காரும். கோல் சுழலாது. வெட்டிய இடங்களை உப்புத்தாளால் தேயுங்கள்.

குழாயைத் தீயில் காட்டாதீர்கள். பி.வி.சி. கருகினால் நச்சுப் புகை வரும்.

குழாய்களைப் பெட்டியின் உள்பக்கம் நிறுத்துங்கள். மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு போடுங்கள். அடியை அடைக்க வேண்டாம். தண்ணீர் வடியட்டும். கத்தி, தூண்டில் முள், குடிநீர் எல்லாம் பெட்டிக்குள் இருக்கட்டும்.

பெட்டியை இருக்கைக்குப் பின்னால் வைத்துப் படகில் உள்ள வளையங்களில் கட்டுங்கள். படகில் புதிதாகத் துளை போடாதீர்கள். துளை வழியே தண்ணீர் புகும்.

முதல் நாள் கரையோரம், முழங்கால் ஆழத் தண்ணீரில் சோதியுங்கள். படகை ஆட்டிப் பாருங்கள். கட்டு அசைந்தால் இறுக்குங்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். மிதவைச் சட்டையைப் பெட்டியில் வைக்காதீர்கள். உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். இடி கேட்டால் உடனே கரை சேருங்கள். சில கோல்கள் கார்பன் இழையால் ஆனவை. அதில் மின்சாரம் பாயும். மின்கம்பி தாழ்வாகப் போகும் இடத்திலும் கோலை நிமிர்த்தி வைக்காதீர்கள்.

3 அடிக் குழாயும் கொஞ்சம் கயிறும் போதும். இரண்டு கையும் துடுப்புக்குக் கிடைக்கும். காலடியும் சுத்தமாக இருக்கும். போனவர் பத்திரமாகத் திரும்பி வருவார்.