காலைத் தொட்டுப் பார்த்தனீரோ?



'ஷொக்' என்றால் நமது வீடுகளில் கரண்ட் அடித்ததைச் சொல்வார்கள். துக்கச் செய்தி கேட்டு இடிந்துபோவதையும் சொல்வார்கள். வைத்தியசாலையில் அதன் பொருள் வேறு. உடல் உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போய்ச் சேராத நிலையே அது.

வீட்டுக்குத் தண்ணீர் வராததற்குப் பல காரணங்கள் இருக்குமல்லவா? அப்படித்தான் இதுவும். பிரசவத்தின் பின் இரத்தம் பெருகினாலோ வயிற்றோட்டம் கடுமையானாலோ தாங்கி வற்றுகிறது. கடும் மாரடைப்பில் பம்ப் தளர்கிறது. கிருமித்தொற்று உடலெங்கும் பரவும்போதும், கடும் ஒவ்வாமையிலும், முள்ளந்தண்டு அடிபட்டாலும் குழாய்கள் விரிந்துவிடுகின்றன. நுரையீரலுக்குப் போகும் குழாயை இரத்தக்கட்டி அடைத்தால் ஓட்டமே மறிபடுகிறது.

எல்லாவற்றுக்கும் சேலைன் ஏற்றினால் சரி என்று எண்ணக்கூடாது. தாங்கி வற்றியவருக்கு அது உயிர். பம்ப் தளர்ந்தவருக்கோ நுரையீரலில் நீர் தேங்கச் செய்யும். ஒவ்வாமையில் முதலில் வேண்டியது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அறிகுறிகளும் ஒன்றுபோல இரா. பெரும்பாலும் கைகால் குளிர்ந்து நாடி விரைவாகும். ஆனால் கிருமித்தொற்றில் ஆரம்பத்தில் கை சூடாகவே இருக்கலாம், முள்ளந்தண்டு அடிபட்டவரின் நாடி மெதுவாகலாம்.

பயிற்சித் தாதியாக இருந்தபோது நான் விட்ட பிழையையும் சொல்லத்தான் வேண்டும். டெங்குக் காய்ச்சலில் கிடந்த ஒரு பிள்ளைக்கு அன்று காலை காய்ச்சல் விட்டிருந்தது. பிரஷர் 100/80. "நல்லாயிருக்கு, சிஸ்டர்" என்றேன்.

"காலைத் தொட்டுப் பார்த்தனீரோ?" என்று கேட்டா.

நான் தொடவில்லை. பாதம் குளிர்ந்து கிடந்தது. நகத்தை அழுத்தி விட்டால் 2 செக்கனுக்குள் திரும்பவேண்டிய சிவப்பு வரவேயில்லை. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20 தான். ஷொக் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். டெங்கில் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசிந்து நெஞ்சறையிலும் வயிற்றிலும் தேங்குகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. காய்ச்சல் விடும் நேரத்தில்தான் பெரும்பாலும் இந்தக் கசிவு தொடங்கி, 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும்.

சிஸ்டர் உடனே டொக்டரைக் கூப்பிட்டா. பிள்ளை பிழைத்தது. அதற்குச் சற்று முன்னர்தான், "காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை அம்மா" என்று தாய்க்கு நானே சொல்லியிருந்தேன்.

இங்கே தாய்மார் பலர் இருக்கிறீர்கள். காய்ச்சல் விட்ட பிள்ளை சோர்ந்து கிடந்தால், வயிற்றுக்குத்து, ஓயாத சத்தி இருந்தால், 6 மணித்தியாலமாகச் சலம் போகாவிட்டால், கைகால் குளிர்ந்தால், விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.