வீட்டைத் திறந்துவைத்த குடும்பம்

(யூபிலி விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் நாம் கோயில் கட்டிய பெரியோரையும், இங்கே மறைப்பணி புரிந்த குருக்களையும் நன்றியோடு நினைக்கிறோம். அது நம் கடமை. அதே வேளையில், கோயில் என்ற கட்டடமே இல்லாத தொடக்கக் காலத்தில் தங்கள் வீட்டையே திருச்சபைக்குத் திறந்துவிட்ட ஒரு குடும்பத்தையும் நினைப்பது பொருத்தமாகும். அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் அந்தத் தம்பதியரைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

அக்கிலா, கருங்கடலின் தென்கரையிலுள்ள போந்து நாட்டில் பிறந்த யூதர். மனைவியோடு இத்தாலியாவில் குடியிருந்தார். யூதர் அனைவரும் உரோமையை விட்டு வெளியேற வேண்டும் என்று கிளவுதியு பேரரசர் கட்டளையிட்டார். கி.பி. 49-ஆம் ஆண்டளவில் இது நடந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. அரசன் ஆணைக்கு முன் ஏழைத் தொழிலாளி என்ன செய்ய முடியும்? இருவரும் கடல் கடந்து, கிரேக்க நாட்டுக் கொரிந்து நகருக்கு வந்து சேர்ந்தார்கள். மறைபரப்பவேண்டும் என்று திட்டமிட்டு அவர்கள் புறப்படவில்லை. பிழைக்க இடம் தேடி வந்தார்கள்.

கொரிந்து எப்படிப்பட்ட ஊர்? கி.மு. 146-இல் உரோமைப் படை அழித்த அந்நகரை கி.மு. 44-இல் யூலியுஸ் சீசர் மீண்டும் குடியேற்றினார். மேற்கே ஒரு துறைமுகம், கிழக்கே கெங்கிரேயா என்ற இன்னொரு துறைமுகம். இரு கடலுக்கும் நடுவே ஏறக்குறைய 6 கிலோமீட்டர் அகலமுள்ள நிலம். பல நாட்டு வணிகரும் மாலுமிகளும் வந்து போகும் சந்தை அது. பல மொழிகள், பல தெய்வங்கள். பணமும் புரண்டது; ஒழுக்கக் கேடும் மலிந்திருந்தது. அந்த ஊரில்தான் இவர்கள் அடுப்பு மூட்டி, கூடாரம் செய்யும் தங்கள் தொழிலைத் தொடங்கினார்கள். தடித்த துணியையோ தோலையோ அளந்து வெட்டி, ஊசியால் தைத்து இணைக்கும் வேலை அது. நாளெல்லாம் குனிந்து உழைத்தால்தான் கூலி.

அவ்வேளையில் புனித சின்னப்பர் ஏதென்சிலிருந்து தனியாக அங்கு வந்தார். அவருக்கும் அதே தொழில் தெரியும். ஆகவே அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்களோடு வேலை செய்தார். பெரியோர்களே, இதை எண்ணிப் பாருங்கள். ஊரை இழந்து வந்த குடும்பம். தங்களுக்கே இடம் புதிது. ஆனாலும் வழிப்போக்கராக வந்தவருக்குத் தங்க இடமும் செய்ய வேலையும் கொடுத்தார்கள். வாரநாளில் ஊசி பிடித்த கை, ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் நற்செய்தியை எடுத்துரைத்தது. ஒன்றரை ஆண்டு சின்னப்பர் கொரிந்தில் போதித்தார். அங்கே எழுந்த திருச்சபையின் தொடக்கத்தில் இந்த எளிய வீடும் நிற்கிறது.

பின்னர் சின்னப்பர் கப்பலேறியபோது இவர்களும் உடன் சென்றார்கள். ஆசியா மைனரிலுள்ள எபேசு நகரில் அவர் இவர்களை விட்டுவிட்டு மேலே பயணமானார். மீண்டும் புது ஊர். இம்முறை எந்த அரசனும் துரத்தவில்லை. காலூன்றிய இடத்தை நற்செய்திக்காகவே விட்டு வந்தார்கள். எபேசில் இவர்கள் வீட்டில் இறைமக்கள் கூடினார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் முடிவில், அந்த வீட்டுச் சபையின் வாழ்த்தையும் சின்னப்பர் சேர்த்து அனுப்புகிறார்.

அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சி நமக்கு நல்ல பாடம். அலெக்சாந்திரியாவிலிருந்து அப்பொல்லோ என்ற சொல்வன்மை மிக்கவர் வந்து போதித்தார். அவர் யோவானின் திருமுழுக்கை மட்டுமே அறிந்திருந்தார். அவருடைய குறையை இவர்கள் சபை நடுவே எடுத்துக்காட்டி அவரைத் தலைகுனியச் செய்யவில்லை. தனியே அழைத்துச் சென்று, இறைநெறியைத் திருத்தமாக விளக்கினார்கள். கற்ற மேதைக்குக் கூடாரம் தைக்கும் பெண்ணும் ஆசிரியை ஆனாள். இத்தம்பதியர் பெயர் புதிய ஏற்பாட்டில் 6 இடங்களில் வருகிறது. அவற்றுள் 4 இடங்களில் மனைவியின் பெயரே முதலில் நிற்கிறது. நம் தாய்மார்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

கிளவுதியு கி.பி. 54-இல் இறந்தார். பின்பு சின்னப்பர் உரோமையருக்குத் திருமுகம் எழுதும்போது, இவர்கள் உரோமைக்குத் திரும்பியிருக்கிறார்கள். அங்கேயும் அவர்கள் வீட்டில் ஒரு சபை! தம் உயிரைக் காக்கத் தங்கள் தலையையே கொடுக்கத் துணிந்தவர்கள் என்று சின்னப்பர் அவர்களுக்கு நன்றி கூறுகிறார். மூன்று நகரங்கள், மூன்று குடியேற்றங்கள். ஊர் மாறியது, வாடகை மாறியது, அண்டை வீட்டார் மாறினார்கள். வீட்டின் கதவு மட்டும் மூடப்படவேயில்லை.

இன்று நம் பங்கிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் தொலைநகரங்களிலும் பிழைக்கிறார்கள். அவர்கள் பெட்டியில் ஊறுகாயும் துணிமணியும் வைத்து அனுப்புகிறோம். செபமாலையையும் வைக்கிறோம். அந்தச் செபமாலை பெட்டியை விட்டு வெளியே வருகிறதா என்பதுதான் கேள்வி. மாலைச் செபம் இந்த வீட்டில் ஒலித்திருந்தால்தான் அந்த அறையிலும் ஒலிக்கும்.

அதுபோலவே, வேற்றூரிலிருந்து வேலைக்காக நம் தெருவில் குடிவந்திருப்போரையும் எண்ணிப் பார்ப்போம். ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யாரும் பேசாததால் அப்படியே திரும்பிப் போகும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் மொழி வேறாக இருக்கலாம். நம் வீட்டில் ஒரு வாய் காப்பிக்கு அழைக்க மொழி வேண்டுமா? அன்பியக் கூட்டத்தில் அவர்களுக்கு ஒரு பாய் விரிக்க முடியாதா?

திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2007 பிப்ரவரி 7 அன்று தம் புதன் மறையுரையில் இத்தம்பதியரைக் குறித்துப் பேசி, ஒவ்வோர் இல்லமும் சிறு திருச்சபையாக முடியும் என்று கற்பித்தார். திருச்சபை சூலை 8-ஆம் நாள் இவர்களை நினைவுகூர்கிறது. அந்நாளில் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பத்தையாவது நம் ஒவ்வொருவர் வீட்டிலும் விருந்துக்கு அழைப்போம். யூபிலிக்காகக் கோயிலுக்கு வெள்ளையடித்து முடித்துவிட்டோம். இனி நம் வீட்டுக் கதவுகளையும் திறந்து வைப்போம்.

அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரின் மன்றாட்டால் இறைவன் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.